பலகையின் வாய்

எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு பழைய தேயிலைப் பெட்டி இருக்கிறது. தாத்தா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பெட்டி அடிக்கிற வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று வரும்போது கையோடு கொண்டுவந்தது. அம்மா இன்றும் அதில்தான் அரிசி போட்டு வைக்கிறார். மூன்று அடுக்கு ஒட்டுப்பலகை (பிளைவுட்), தடிப்பு நான்கு மில்லிமீட்டர் வருமோ வராதோ. உள்மூலைகளில் மெல்லிய மரச்சட்டம், வெளி ஓரங்களில் மடித்து அறைந்த தகரப் பட்டி. அடுப்புப் புகையையும் சுவரின் ஓதத்தையும் நாற்பது வருடமாகத் தாங்கி நிற்கிறது. ஒரு மூலையில் மட்டும் தகரம் கழன்றுவிட்டது. அந்த இடத்தில் பலகை மூன்று தாளாக விரிந்து, நகம் பட்டாலே தூளாகக் கொட்டுகிறது.

ஜீப்புக்குப் பின்னால் இழுத்துப்போய் உள்ளே படுத்துக்கொள்ள, நீர்த்துளி வடிவத்தில் ஒரு சின்ன ட்ரெய்லர் கட்டுவதற்காகப் பலகை தேடி ஊர் ஊராக அலைந்தவன் நான். எனக்குத் தேவையான பாடத்தில் பாதி அந்தப் பெட்டியிலேயே இருந்தது. வண்டி ஒரு முறை அழுகிய பிறகுதான் அதை உட்கார்ந்து உற்றுப் பார்த்தேன்.

ஆசை வந்தது 2022இல், இலங்கையில் டீசல் தட்டுப்பாடு வந்து வரிசையில் ஜீப்புக்குள் இரவு இரவாகக் கிடந்த நாட்களில். காலை நீட்டிப் படுக்க ஓர் இடம் கிடைத்தால் போதும் என்று கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்தேன். கூடாரம் எங்களுக்குச் சரிவராது என்பது முன்பே தெரியும். எங்கள் மலைநாட்டில், ஹட்டன் பக்கம், மே மாதம் பிடிக்கிற மழை செப்டெம்பர் வரை விடாது. கீழே வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்தில் வருடத்துக்கு 5000 மில்லிமீட்டர் பெய்கிற இடங்களும் உண்டு. நிலம் எப்போதும் ஊறியே கிடக்கும். கூடாரத்தின் அடிவிரிப்பைத் தூக்கினால் அட்டை. மனைவியின் காதுக்குப் பின்னால் ஒரு தடவை அட்டை ஏறியதோடு எங்கள் கூடார வாழ்க்கை முடிந்தது.

இந்த வடிவம் அமெரிக்காவில் 1930களில், வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் வண்டியாகப் பரவியது. முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து, பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு நீர்த்துளி படுத்திருப்பது போல இருக்கும். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், உட்காரலாம், நிற்க முடியாது. பின்மூடியைத் தூக்கினால் அடுப்பும் சாமான் தட்டும். காற்றைக் கிழித்துப் போவதற்காக இந்த வடிவம் என்பார்கள். ரம்பொடை வளைவுகளில் மணிக்கு 25 கிலோமீட்டரில் ஏறுகிற நமக்கு அது பெரிய விஷயமில்லை. நம் மலைக்கு இது ஏற்றதாக இருப்பது மழையால். உருண்ட கூரையில் தண்ணீர் நிற்காது. அதனால் கூரையை வரையும்போது நடுவில் கூட ஒரு சாண் இடத்தையும் தட்டையாக விடாதீர்கள். நான் வயர் ஓட்டுகிற பிவிசி குழாயைத் தரையில் அறைந்த ஆணிகளுக்கு இடையே வளைத்துவைத்து, அதை ஒட்டிப் பென்சில் ஓட்டினேன். கையால் இழுத்த கோட்டில் எங்கேயாவது பள்ளம் விழும்; வளைந்த குழாயில் விழாது.

அளவை எல்லாம் பலகைதான் தீர்மானிக்கும். ஒரு பலகை 8க்கு 4 அடி, அதாவது 2440க்கு 1220 மில்லிமீட்டர். பக்கச் சுவருக்கு ஒரு பலகை வீதம் 8 அடி நீளம், 4 அடி உயரத்துக்குள் அடக்கிவிடலாம். இடறுகிற இடம் அகலம். தரைக்கு முழு 4 அடிப் பலகையை வைத்து, அதன் இரு பக்கத்திலும் சுவரை நிறுத்தினால், சுவர்களின் தடிப்பும் சேர்ந்து வெளி அகலம் 4 அடியைத் தாண்டிவிடும். அப்புறம் 4 அடிக் கூரைப் பலகை சுவர்களின் மேல் ஓரத்தை மூடப் போதாது. வெட்டிய ஓரம் இரண்டு பக்கமும் வானத்தைப் பார்த்தபடி நிற்கும். வெளி அகலம் 1220 என்று முதலில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து உள்ளே கணக்குப் போடுங்கள். என் சுவர் 28 மில்லிமீட்டர், ஆகவே தரை 1164. இரண்டு பேருக்குத் தாராளம்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் பக்கத்துத் தச்சு பாஸ், அதாவது மேஸ்திரி, எழுபதைத் தாண்டியவர். என் முதல் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, வெட்டு ஓரத்தின் மேல் விரலை வைத்து, "தம்பி, பலகை முகத்தால குடிக்காது. வாயாலதான் குடிக்கும். வாயைக் கட்டிப்புட்டா அது பாட்டுக்குக் கெடக்கும்" என்றார். சரிங்க ஐயா என்று தலையாட்டினேன். அகலத்தைத் திருத்தினேன். அந்தப் பேச்சு கூரைக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து பலகை வாங்குவது. இதற்குத்தான் அதிக நாள் செலவழித்தேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை.

ஒட்டுப்பலகையின் ஆயுளில் மரத்தை விடப் பசைக்குப் பங்கு அதிகம். யூரியா பசை போட்டது வீட்டுக்குள் இருக்கிற அலுமாரிக்கு. மெலமைன் கலந்தது ஓரளவு ஈரத்தைத் தாங்கும். வெளியே நிற்கிற வண்டிக்கு பீனோலிக் பசை வேண்டும். கடையில் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் "மெரீன்", அதாவது படகுப் பலகை, என்று ஒரே பதில் வரும். மெரீன் பலகைக்கு பிரித்தானியத் தரம் பி.எஸ். 1088, இந்தியத் தரம் ஐ.எஸ். 710. இந்தியத் தரத்தின் சோதனையில் பலகைத் துண்டை 72 மணிநேரம் கொதிக்கவைப்பார்கள், அடுக்குப் பிரியக் கூடாது. சரி, நாமும் கொதிக்க வைத்துப் பார்ப்போம் என்று மூன்று கடைகளில் ஓரத்துண்டு கேட்டு வாங்கி வந்தேன்.

ஒவ்வொன்றையும் உள்ளங்கை அளவுக்கு அறுத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று கோடு கீறி, பழைய சோற்றுப் பானையில் போட்டு, மிதக்காமல் மேலே அம்மிக் குழவியை வைத்தேன். பின்வாசலில் விறகு அடுப்பு. முக்கால் மணிநேரத்தில் மூக்கை எரிக்கிற ஒரு வாடை கிளம்பியது, தண்ணீர் சாயத்தேயிலை நிறத்துக்கு மாறியது. கரண்டியால் முதல் துண்டை எடுத்தேன். ஓரம் புத்தகம் போல விரிந்திருந்தது. கட்டைவிரலால் தள்ளினேன், மேல் தாள் முழுசாக வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. "மெரீன்" என்று முத்திரை குத்தியிருந்த துண்டு அதுதான். இரண்டாவது நாலு மணிநேரம் தாக்குப்பிடித்து, பிறகு ஒரு மூலையில் கொப்பளித்தது. மூன்றாவதை மாலை வரை விட்டேன். இரவு முழுக்க அடுப்பு மேட்டில் காயவைத்து, மறுநாளும் கொதிக்க வைத்தேன். உளியை ஓரத்தில் வைத்து நெம்பியபோது பசைக்கோடு விடவில்லை, மரம்தான் பிய்ந்தது. அதே கடையில், அதே கட்டிலிருந்து வாங்கினேன்.

ஒன்று கவனியுங்கள். ஹட்டன் 1270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 96 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். நுவரெலியாவில் 94. கீழ்நாட்டில் செய்கிற சோதனையை விட நம்முடையது கொஞ்சம் இளகியது, ஆகவே நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம், பசைக்கோடு கறுத்த பழுப்பாக இருந்தால் பீனோலிக் என்பார்கள். பெரும்பாலும் சரிதான், ஆனால் சாயம் கலந்தும் விற்கிறார்கள். நிறத்தை விடப் பானையை நம்புங்கள்.

கடைக்குப் போகும்போது ஒரு சின்ன டோர்ச் கொண்டு போங்கள். பலகையின் நாலு ஓரத்தையும் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். உள் அடுக்குகளில் ஓட்டை, ஒன்றின் மேல் ஒன்று ஏறிய தாள் இருந்தால் விட்டுவிடுங்கள். தண்ணீர் அந்த ஓட்டை வழியே ஓடிப் பலகையின் நடுவுக்கே போகும். 12 மில்லிமீட்டரில் ஐந்து தடித்த அடுக்கு உள்ளதை விட ஒன்பது மெல்லிய அடுக்கு உள்ளது நல்லது. முகத்தில் விரல் மொளியால் தட்டிக்கொண்டே போனால் உள்ளே காலியான இடத்தில் சத்தம் மாறும். இன்னொன்று, மெரீன் என்றால் அழுகாது என்று அர்த்தமில்லை. பசை விடாது, உள்ளே ஓட்டை இல்லை, அவ்வளவுதான். ஈரத்தில் விட்டால் மரம் மரமாகவே அழுகும்.

தடிப்பைப் பற்றி நானும் மச்சானும் பல நாள் வாதாடினோம். அவர் கராஜ் வைத்திருக்கிறார், அடிச்சட்டத்தை பொக்ஸ் பாரில் (சதுர இரும்புக் குழாயில்) வெல்ட் பண்ணித் தந்ததும் அவர்தான். "பதினெட்டு மில்லி போடுங்க மச்சான், ஆயுசுக்கும் ஆடாது" என்பது அவர் கட்சி. நடுத்தர மரத்தில் ஒரு முழுப் பலகை 18 மில்லிமீட்டரில் 32 கிலோ அளவு, 12இல் 21, 4இல் 7. நான் எடுத்த முடிவு, 20 மில்லிமீட்டர் சப்புச் சட்டத்தின் இரு பக்கமும் 4 மில்லிமீட்டர் பலகை, நடுவில் ரெஜிபோம் என்கிற லேசான நுரைப் பலகை. எடை கிட்டத்தட்ட 12 மில்லிமீட்டர் பலகை ஒன்றுக்குச் சமம்; பெரிய மிச்சம் கிடையாது. ஆனால் இரண்டு தோலும் நடுவில் இடைவெளியும் இருப்பதால் அதை விடப் பல மடங்கு விறைப்பாக நிற்கிறது, குளிரும் உள்ளே வராது. தேயிலைப் பெட்டியும் இதே யோசனைதான்: மெல்லிய பலகையும் சட்டமும். அதற்குள் ஐம்பது கிலோ அளவு தூளை அடைத்துக் கப்பல் ஏற்றினார்கள். இந்தப் பெட்டிகளுக்காகவே காலிக்குப் பக்கத்தில் கிந்தோட்டையில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை ஒன்று நடந்தது. தரைக்கு மட்டும் நான் 12 மில்லிமீட்டர் போட்டேன், அடியில் இரண்டு அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம்.

சட்டத்துக்கு சப்பு நன்றாக வரும். லேசானது, ஆணி அடித்தால் பிளக்காது. அல்பீசியா அதைவிட லேசு. மருந்து போடாவிட்டால் பூச்சி துளைத்து மாவாக்கிவிடும். டர்பன்டைன் மரம் காயும்போது முறுக்கிக்கொள்ளும், வேண்டாம்.

கூரையை வளைப்பதில் ஒரு பலகை வீணானது. பலகையின் மேல்தாளில் ரேகை 8 அடி நீளப் பக்கமாக ஓடும். அதை அப்படியே நீளவாட்டில் வைத்து முன்பக்க உருளையில் அமுக்கினேன்; ரேகைக்குக் குறுக்கே படீரென்று உடைந்தது. ரேகை வண்டியின் அகலவாட்டில் ஓடினால்தான் பலகை சுருளும். முழுப் பலகையை இரண்டாக அறுத்தால் இரண்டு 4க்கு 4 அடித் துண்டு வரும். அவற்றைத் திருப்பிப் போட்டால் ரேகை குறுக்கே வந்துவிடும். இணைப்பு கூடும், ஒவ்வொரு இணைப்பும் ஒரு குறுக்குச் சட்டத்தின் மேல் வரவேண்டும். முன்பக்கத்துக்குத் திருப்பிய துண்டையும், மேலே மெதுவாக வளைகிற இடத்துக்கு முழுப் பலகையையும் போட்டேன். வெளிப்பக்கத்தைச் சுடுதண்ணீர்த் துணியால் துடைத்து, பட்டி கட்டி, ஓர் இரவு அப்படியே விட்டேன். மறுநாள் காய்ந்த பிறகுதான் பசை.

பின்மூடிக்கு வளைந்த சட்டங்களை மூன்று மெல்லிய கீற்றுகளாக ஒட்டிச் செய்தேன். அச்சிலிருந்து எடுத்ததும் அவை ஒரு விரல் அளவுக்கு நிமிர்ந்துவிட்டன. மூடி பொருந்தவில்லை, கீழே இடைவெளி. இரண்டாவது தடவை அச்சையே அந்த அளவுக்கு அதிகமாக வளைத்துச் செய்தேன். மூடியை வண்டியோடு கட்டிவைத்து, அந்த நிலையிலேயே வெளித்தோலை ஒட்டி மூன்று நாள் அசைக்காமல் விட்டேன். இன்று ஒரு நூல் இடைவெளிதான், ரப்பர் பட்டி அதை மூடிவிடும்.

இனி அழுகிய கதை.

முதல் வருடம் எல்லாம் நன்றாகத்தான் போனது. கூரை ஓரம், கதவு ஓரம் எல்லாவற்றையும் எபொக்சி என்கிற, கலந்து பூசினால் இறுகுகிற பசையால் மூடி, மேலே அலுமினிய எல் பட்டி அறைந்திருந்தேன். மழைக்காலத்தில் வண்டியை வீட்டுக்குப் பின்னால் நிறுத்தி, நீலத் தார்ப்பாயால் இறுக்கிக் கட்டினேன். செப்டெம்பரில் அவிழ்த்தபோது, பின்விளக்குக்கு மேலே பெயின்டில் ஒரு பொட்டு அளவு கொப்பளம். விரலால் அழுத்தினேன். உள்ளே போனது. ஸ்குரூ டிரைவரை வைத்தேன், தேநீரில் நனைத்த ரொட்டிக்குள் போவது போல ஓசையில்லாமல் இறங்கியது. பெயின்டை உரித்தேன். ஒரு சாண் அகலத்துக்கு உள் அடுக்கு கறுத்து, காளான் மணம் வீசியது. மேல்தாள் மட்டும் ஒன்றும் நடக்காதது போல இருந்தது. கண் கலங்கிவிட்டது. அந்தச் சுவரை அறுத்து, இழைத்து, ஒட்ட மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள் போயிருந்தன.

காரணம், விளக்கு வயருக்காக நான் துளைத்த ஒரு துளை. பென்சில் அளவுதான். வயரைப் போட்டு வெளியே சிலிக்கன் பூசி விட்டிருந்தேன். துளையின் உட்சுவர் பூச்சில்லாத வெறும் மரமாகவே இருந்தது. சிலிக்கன் ஒரு பக்கம் விட்டதும், வயரைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. தார்ப்பாய்க்குள் காற்று ஓடவில்லை, குடித்த தண்ணீர் காயவே இல்லை. பாஸ் ஐயா சொன்ன வாய் ஓரத்தில் மட்டும் இல்லை. துளைக்கிற ஒவ்வொரு துளையும் ஒரு வாய், திருகுகிற ஒவ்வொரு ஆணியும் ஒரு வாய். அன்று அடுப்படிக்குப் போய் அரிசிப் பெட்டியின் கழன்ற மூலையைத் தடவிப் பார்த்தேன்.

இப்போது நான் செய்கிற முறை இது. எட்டு மில்லிமீட்டர் துளை வேண்டுமென்றால் முதலில் பதினாறுக்குத் துளைக்கிறேன். மரத்தூள் குழைத்த எபொக்சியால் அதை முழுதாக அடைத்து, காய்ந்த பிறகு அதன் நடுவில் எட்டுக்குத் துளைக்கிறேன். வயர் பிளாஸ்டிக்கின் நடுவே போகிறது, மரம் அதைத் தொடுவதே இல்லை. ஓரங்களுக்கு முதல் பூச்சு இளக்கமாக, மரம் குடிக்கிற வரை. அது காய்ந்ததும் இன்னும் இரண்டு பூச்சு. எபொக்சி விலை அதிகம்தான். நீர்கொழும்புப் பக்கம் மீன்பிடிப் படகுக்குப் பாவிக்கிற பொலியெஸ்டர் ரெசின் மலிவு, ஆனால் அது மரத்தை இந்த அளவுக்குப் பிடிக்காது. நாளாக நாளாகத் தோல் போல உரியும்.

எந்த நேரத்தில் பூசுகிறோம் என்பதும் முக்கியம். வெயிலில் சூடான பலகை ஆறத் தொடங்கும்போது பூசினால் பசையை உள்ளே இழுக்கும். காலையில் பூசினால் சூடேற ஏற உள்ளே இருக்கும் காற்று குமிழாக வெளியே வரும். ஆகவே மதியம் ஒரு மணிக்குப் பிறகு. ஆனால் நம் ஊரில் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். பனியில் காய்ந்த எபொக்சி மேலே மெழுகு போல ஒரு பிசுக்குப் படியும். அதை வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவித் துடைத்துத் தேய்க்காமல் அடுத்த பூச்சுப் போட்டால் ஒட்டாது. இந்த ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கதவு போனது.

தார்ப்பாயைத் தூக்கி எறிந்துவிட்டேன். இப்போது நாலு தூணும் தகரக் கூரையும், பக்கங்கள் திறந்தபடி. கதவையும் காற்றுத் துளைகளையும் திறந்தே வைக்கிறேன். உள்ளிருந்தும் தண்ணீர் வரும், மறக்காதீர்கள். இரண்டு பேர் ஒரு இரவு மூச்சு விட்டால் அரை லீட்டர் அளவு ஈரம் வெளியேறும். குளிர்ந்த இடத்தில் அது துளித்துளியாகப் படியும், முதலில் ஆணித்தலைகளில். கீழே ஒன்று, எதிர்ப்பக்கம் மேலே ஒன்று என்று இரண்டு காற்றுத் துளை கட்டாயம். உள்ளே அடுப்பு மூட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம், குளிருக்கும் கூட; அவ்வளவு சின்ன அறைக்குள் புகை உயிரை எடுத்துவிடும். சமையல் பின்மூடிக்கு வெளியே நின்றுதான்.

வண்டியின் மொத்த எடை, மரக்கறி லொறி நிறுக்கிற தராசில், 360 கிலோ. அதில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் ஜீப்பின் கொக்கியில் இறங்கவேண்டும், குறைந்தால் இறக்கத்தில் வால் ஆட்டும். எனக்கு 44 கிலோ. ஆள் நிறுக்கிற தராசை முன்கொக்கிக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். சாமான் ஏற்றிய பிறகு திரும்பவும் பார்க்கவேண்டும். அச்சும் ஸ்பிரிங்கும் கொழும்பில் வாகனப் பாகங்கள் விற்கிற பஞ்சிகாவத்தையில் கிடைத்தன. பதிவுக்கு என்ன வேண்டுமென்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முதல் பலகையை அறுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மழைநாளில் வெட்டிய சரிவுக்குக் கீழே நிறுத்தாதீர்கள். மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் பயணமே வேண்டாம்.

போன ஜனவரியில் பட்டிப்பொல பக்கம் ஓர் இரவு. ரயில் நிலையத்துக்குக் கொஞ்சம் கீழே, தெரிந்தவர் ஒருவரின் முட்டைக்கோவாத் தோட்டத்து ஓரத்தில் நிறுத்தினோம். விடியற்காலையில் கதவைத் திறந்தால் புல்லெல்லாம் வெள்ளை. மனைவி போர்வையோடு உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்க, நான் டோர்ச்சோடு பின்விளக்குப் பக்கம் போய் ஒட்டுப் போட்ட இடத்தைத் தட்டிப் பார்த்தேன். டக் டக் என்று காய்ந்த சத்தம்.

வீட்டுக்கு வந்த மறுநாள், மிஞ்சியிருந்த எபொக்சியை அரிசிப் பெட்டியின் கழன்ற மூலையில் வெளிப்பக்கமாகத் தடவி, ஒரு துண்டு அலுமினியப் பட்டியை மடித்து அறைந்தேன். தாத்தாவின் துருப்பிடித்த தகரத்தோடு அது சேரவில்லை, அந்த மூலை மட்டும் பளபளவென்று தனியாகத் தெரிகிறது. அம்மா அதை வெளியே பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறார்.